இருப்பான் என்பதும் இருக்கிறான் என்பதும்

இரண்டாம் வருடத்தில் கிரேக்க மெய்யியல் பாடத்தில் ஐயவாதம் தொடங்கின கிழமை எங்களுக்கு ஒரு வருத்தம் பிடித்தது. வருத்தத்தின்ர பெயர் "எப்பிடித் தெரியும்?"

கன்டீன் அண்ணா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தால், "அண்ணா, இது தேத்தண்ணி எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்போம். (அந்தக் கன்டீனைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி.) "ஐஞ்சரை பஸ் போயிட்டுது" என்று யாராவது சொன்னால், "போனதெண்டு எப்பிடித் தெரியும்?" திங்கட்கிழமை அசைன்மென்ட் கொடுக்கவேணும் என்று பச்சில் ஒருத்தி ஞாபகப்படுத்தினால், திங்கட்கிழமை வரும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டோம். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்த காலத்தில்கூட இவ்வளவு சந்தோசமாக நாங்கள் வாதாடியதில்லை. ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஆரையும் மடக்கலாம் என்றால் இருபத்தொரு வயதில் வேறென்ன வேணும்?

போர்டிங்கில் ஒரு ரூமில் நாலு பேர் இருக்கிறோம். இந்தக் கட்டுரையில் "நாங்கள்" என்று வருவது அதில் மூன்று பேர். நாலாவது ஆள் எங்கட தோழி. அவள் ஏன் இந்த "நாங்கள்" என்பதற்குள் இல்லை என்பதுதான் கதை. எழுதலாமோ என்று அவளிடம் கேட்டோம். பெயர் போடாட்டி எழுதுங்கோ என்றாள்.

ஒருநாள் இரவு அவள் வீட்டோடு கதைத்துவிட்டு ஃபோனை வைத்தாள். அம்மம்மாதான் கதைத்தவ. அன்றைக்கு அவளுடைய மாமாவுக்குப் பிறந்தநாள். 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. ஒவ்வொரு வருடமும் பிறந்தநாளன்று அம்மம்மா பிள்ளையார் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்விப்பா. "இண்டைக்கும் செய்தவவாம். எங்கயோ இருப்பான் எண்டு சொல்லுறா" என்றாள் தோழி, கட்டிலில் இருந்தபடி.

எங்களில் ஒருத்தி, கையில் நோட்ஸோடு, நிமிராமலே கேட்டாள்: "எப்பிடித் தெரியுமாம்?"

ஆர் கேட்டது என்பது முக்கியமில்லை. மற்ற இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் கிழமை முழுக்க அந்தக் கேள்விக்குச் சிரித்துப் பழகியிருந்தோம். தோழி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தாள். லைட் நிப்பாட்டின பிறகுதான் உள்ளே வந்தாள். அடுத்த ஒன்பது நாளும் தேவைக்கு மட்டும்தான் எங்களோடு கதைத்தாள். "திறப்பு எங்க?" "வாளி வேணும்." அவ்வளவுதான்.

அந்த ஒன்பது நாளில்தான் நாங்கள் ஐயவாதத்தை ஒழுங்காக வாசித்தோம். மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாத ஆக்கள் புத்தகத்துக்குள் போய் ஒளிப்பது வழமைதானே. எங்கட நோட்ஸில் ஐயவாதிகளுக்கு ஒரே ஒரு வரி இருந்தது: "அறிவு சாத்தியமில்லை எனக் கூறுவோர்." லைப்ரரியில் செக்ஸ்டஸ் எம்பிரிகஸை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்ததுமே விளங்கியது, நாங்கள் எழுதி வைத்திருந்த வரி பிழை என்று.

செக்ஸ்டஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த ஒரு வைத்தியர். பண்டைய கிரேக்க ஐயவாதம் பற்றி இன்று எங்களுக்கு விரிவாகத் தெரிவது பெரும்பாலும் அவர் எழுதி வைத்ததால்தான். பிர்ரோவின் வழியைச் சுருக்கிச் சொல்லும் தன் நூலை அவர் தொடங்கும் விதம் இது: எதையாவது தேடுகிறவர்கள் மூன்றில் ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். சிலர் கண்டுபிடித்துவிட்டோம் என்பார்கள். சிலர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பார்கள். மிச்சப் பேர் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். முதலாவது கூட்டத்தில் அரிஸ்டோட்டில், எபிகியூரஸ், ஸ்டோயிக்குகள் வருகிறார்கள். இரண்டாவதில், பிளேட்டோ தொடங்கிய அக்கடமியில் பின்னாளில் இருந்த சிலர். மூன்றாவது கூட்டம்தான் ஐயவாதிகள்.

அப்படியென்றால் "அறிவு சாத்தியமில்லை" என்பது இவர்களுடைய கருத்தே இல்லை. அதுவும் ஒரு முடிபுதான். ஒன்றையும் அறிய முடியாது என்று அடித்துச் சொல்கிறவர், அந்த ஒன்றை அறிந்துவிட்டதாகத்தானே சொல்கிறார்? 'ஸ்கெப்டிகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் அடியில் கிடப்பது சந்தேகம் அல்ல. உற்றுப் பார்த்தல், ஆராய்தல். அவர்களுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அதன் நேர்ப்பொருள் 'தேடுகிறவர்கள்'. நாங்கள் அந்தக் கிழமை எதையும் தேடவில்லை. கேள்வியைக் கேட்டு, மற்ற ஆள் திணறுவதைப் பார்த்துவிட்டு, வடை சாப்பிடப் போனோம்.

இந்த வழி தொடங்குவது பிர்ரோவிடம். கிரேக்கத்தில் எலிஸ் அவருடைய ஊர். ஒலிம்பியா இருக்கிற பிரதேசம். கி.மு. 360 அளவில் பிறந்தவர். முதலில் ஓவியராக இருந்தார். பிறகு அனக்சார்கஸ் என்ற மெய்யியலாளரோடு சேர்ந்து, அலெக்சாண்டரின் படை போன வழியில் இந்தியா வரைக்கும் போனார். அங்கே ஆடையணியாத துறவிகளைச் சந்தித்தார் என்று டயோஜெனிஸ் லேர்ஷியஸ் எழுதுகிறார். உண்டு, இல்லை, உண்டும் இல்லையும், இரண்டுமில்லை என்ற நாலில் ஒன்றிலும் காலை ஊன்றாத பேச்சுமுறை பிர்ரோவின் பெயரிலும் வருகிறது, பௌத்த நூல்களிலும் வருகிறது. ஒன்றுக்கு மற்றது கடன்பட்டதோ என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

பிர்ரோ தன் மெய்யியலை எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றிக் கதைகள்தான் மிச்சம். எதிரே வண்டி வந்தாலும் விலகமாட்டாராம், பள்ளத்தைக் கண்டாலும் நிற்கமாட்டாராம், கூட்டாளிகள்தான் பின்னால் திரிந்து காப்பாற்றினார்களாம். அப்படியான ஆள் எப்படித் தொண்ணூறு வயது மட்டும் இருந்தார் என்று நாங்கள் யோசித்தோம். பின்னாளில் வந்த எனெசிடிமஸ் என்ற ஐயவாதிக்கும் அந்தக் கதை பிடிக்கவில்லை. பிர்ரோ யோசிப்பில்தான் அப்படி, அன்றாட வாழ்க்கையில் அவதானமாகத்தான் இருந்தார் என்று சொல்லிவிட்டார். மற்றக் கதைகள் அதற்குப் பொருந்துகின்றன. மருத்துவிச்சியான சகோதரியோடு வாழ்ந்தார். கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். வீடு துப்புரவாக்கினார். பன்றியைக் குளிப்பாட்டினார். எங்களுக்குப் பிடித்தது நாய்க்கதை. ஒரு நாய் பாய்ந்து வர, பிர்ரோ பயந்துபோனார். எதற்கும் கலங்காத ஆள் நாய்க்குப் பயப்படலாமோ என்று ஆக்கள் குறை சொன்னார்கள். மனிசத்தன்மையை முழுசாகக் கழற்றிப் போடுவது லேசில்லை என்ற கருத்தில் அவர் பதில் சொன்னாராம்.

சரி, எங்கட "எப்பிடித் தெரியும்?" எங்கேயிருந்து வந்தது? அகிரிப்பா என்பவரின் பெயரில் வழங்கும் ஐந்து வழிகளில் இருந்து. தேன் இனிப்பு என்று நீங்கள் சொல்கிறீர்கள் என்று வைப்போம். மஞ்சள்காமாலைக்காரருக்கு அது கசக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். கருத்து முரண்பட்டுவிட்டது. நீங்கள் ஒரு காரணம் சொன்னால், அந்தக் காரணத்துக்குக் காரணம் கேட்கலாம், அதுக்கும் கேட்கலாம், முடிவே இல்லை. எல்லாம் பார்க்கிற ஆளையும் அவருடைய நிலையையும் பொறுத்தது என்றும் சொல்லலாம். களைத்துப்போய் "இதுக்கு மேல காரணம் இல்லை, இது இப்பிடித்தான்" என்றால் அது வெறும் எடுகோள். எதிர்ப்பக்கமும் தன்னுடைய எடுகோளை அதேபோல வைக்கலாம். தொடங்கின இடத்தையே ஆதாரமாகக் காட்டினால் அது செக்கு சுற்றுவது போல. ஐந்தையும் பாடமாக்கினால் எந்த வாதத்தையும் நிப்பாட்டலாம். நாங்கள் நிப்பாட்டினோம்தான்.

ஆனால் செக்ஸ்டஸ் வைத்தியர் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். ஐயவாதி மனிசரில் அன்புள்ளவர், அதனால்தான் வாதிடுகிறார் என்கிறார் அவர். அவசரப்பட்டு முடிவெடுப்பதும், தனக்குத் தெரியும் என்ற இறுமாப்பும்தான் நோய். வருத்தம் கடுமையென்றால் கடும் வாதம். லேசென்றால் லேசான வாதம். பேதி மருந்து வயிற்றில் கிடப்பதோடு சேர்ந்து தானும் வெளியே போய்விடுவது போல, இந்த வாதங்களும் கடைசியில் தங்களையும் கழுவிக்கொண்டு போய்விடும் என்கிறார். நாங்கள் செய்தது, நோயில்லாத ஆளின் வாயில் பேதி மருந்தை ஊற்றினது.

மருந்து குடித்தால் என்ன நடக்கும்? இரண்டு பக்க நியாயங்களும் தராசில் சமமாக நிற்கும்போது தீர்ப்பு நின்றுபோகும். அதற்கு 'எபொகே' என்று பெயர். அதன் பின்னால் 'அட்டராக்சியா', அதாவது மனக்கலக்கம் இல்லாத நிலை, உடம்புக்குப் பின்னால் நிழல் வருவது போல வருமாம். இதை விளக்க அப்பெல்லிஸ் என்ற ஓவியரின் கதையைச் சொல்கிறார். குதிரையின் வாயில் இருக்கும் நுரையை வரையப் பார்த்து, சரிவராமல், ஆத்திரத்தில் தூரிகை துடைக்கும் பஞ்சைத் தூக்கிப் படத்தின் மேல் எறிந்தாராம். பஞ்சு பட்ட இடத்தில் நுரை அச்சொட்டாக வந்திருந்ததாம். ஐயவாதிகளும் உண்மையைக் கண்டு நிம்மதி அடையத்தான் தொடங்கினார்கள். காணமுடியாமல் தீர்ப்பை நிறுத்தினார்கள். நிம்மதி தற்செயலாக வந்தது.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடினோம். தோழியின் அம்மம்மாவின் ஞாபகம் வந்தது. இரண்டு தட்டும் சமமாக நிற்கிற தராசு அவவின் வீட்டில் பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தொங்குகிறது. மகன் உயிரோடு இருக்கிறார் என்பதற்கும் ஆதாரம் இல்லை, இல்லை என்பதற்கும் இல்லை. 2016 தொடக்கம் எங்கட நாட்டுச் சட்டத்திலேயே, காணாமற்போன ஒருவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்காமல், அவர் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழை எடுக்க இடமுண்டு. எபொகேயைக் கடதாசியில் அடித்துத் தருகிறார்கள். அட்டராக்சியா எங்கே? ஏன் நிழல் பின்னால் வரவில்லை?

செக்ஸ்டஸிடம் இதற்கு அரைப் பதில் இருக்கிறது. ஐயவாதிக்கும் குளிரும், தாகமும் எடுக்கும், தவிர்க்க ஏலாத நோவுகள் வரும் என்று அவர் ஒத்துக்கொள்கிறார். கலங்காமை என்பது கருத்துகளின் விசயத்தில்தான். நோவின் விசயத்தில் அளவான துன்பம் மட்டும்தான் என்கிறார். குளிரையும் சுமந்து, 'இது இயல்பிலேயே கெட்டது' என்ற நம்பிக்கையையும் சுமக்கிற ஆளுக்கு இரண்டு பாரம். ஐயவாதிக்கு ஒரு பாரம். நல்ல பதில்தான். ஆனால் எல்லாக் கேள்வியும் ஒரே நிறை இல்லையே. தேன் உண்மையிலேயே இனிப்போ இல்லையோ என்று தெரியாமல் ஒராள் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். பெத்த பிள்ளை எங்கே என்று தெரியாமல் ஏலாது. அங்கே பாரமாக இருப்பது ஒரு மேலதிக நம்பிக்கை இல்லை, வராத பதில்தான்.

பத்தாம் நாள் தோழியிடம் போனோம். மன்னிப்புக் கேட்டோம். பிறகு எங்கட பழக்கத்தை விடமுடியாமல் இந்தத் தராசுக் கதையையும் சொன்னோம். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீங்கள் அண்டைக்கு அவ சொன்னதையே ஒழுங்கா கேக்கேல்ல. அம்மம்மா 'இருக்கிறான்' எண்டு சொல்லேல்ல. 'இருப்பான்' எண்டுதான் சொன்னவ."

அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் கொப்பியைப் பற்றிச் சொன்னாள். அம்மம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. அடையாள அட்டையின் போட்டோகொப்பி, படம், கொடுத்த கடிதங்கள், அந்தச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். கூடவே ஒரு சிஆர் கொப்பி. மாமாவைப் பற்றி ஆர் என்ன சொன்னாலும் அதில் எழுதுவா. திகதி, சொன்ன ஆள், கடைசியில் ஒரு சொல்: 'கண்டது' அல்லது 'கேள்வி'. நேரே கண்டவர் சொன்னாரோ, வேறு ஆரோ சொல்லக் கேட்டுச் சொன்னாரோ என்பதுதான் அந்தச் சொல். பக்கம் பக்கமாகப் பார்த்தாலும் முக்கால்வாசி 'கேள்வி'தானாம்.

ஒருமுறை ஒராள் வீட்டுக்கு வந்து, உங்கட மகனை ஓரிடத்தில் கண்டனான், காசு தந்தால் கூட்டிக்கொண்டு வரலாம் என்றாராம். வீட்டில் எல்லாரும் அழத் தொடங்கிவிட்டார்கள். அம்மம்மா மட்டும் கேட்டாவாம்: "தம்பி, அவன்ர கையில இருந்த வெட்டுக்காயம் இப்ப மாறிட்டுதோ?" இடக்கைதானே, மாறிட்டுது அம்மா என்றாராம் அவர். மாமாவுக்கு இரண்டு கையிலும் காயமே இருந்ததில்லை. அம்மம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, கொப்பியில் எழுதினாவாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எங்களுக்குக் கார்னியாடிஸ் ஞாபகம் வந்தார். அக்கடமியின் தலைவராக இருந்தவர். கி.மு. 155இல், ஏதென்ஸுக்கு விதித்த 500 டாலண்ட் தண்டப்பணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க ரோமுக்குப் போன மூன்று மெய்யியலாளர்களில் ஒருவர். ஒருநாள் நீதிக்குச் சார்பாகவும் அடுத்த நாள் எதிராகவும் அங்கே பேசினார் என்பது அவருடைய புகழ். இளம் ஆக்கள் மயங்கிவிட்டார்கள். முதியவர் கேட்டோ இவர்களைக் கெதியாக ஊருக்கு அனுப்பச் சொன்னார். எங்களைப் போன்ற ஆக்களுக்கு முதலில் பிடிப்பது இந்தக் கார்னியாடிஸைத்தான். ஆனால் அவர் பெயரோடு இன்னொரு உதாரணமும் வருகிறது. வெளிச்சமில்லாத அறையில் சுருண்டு கிடக்கிற ஒன்று. பார்த்ததும் பாம்பு என்று பாய்ந்து வெளியே வருவீர்கள். திரும்பிப் பார்த்தால் அசையவில்லை. கயிறோ என்று நினைப்பீர்கள். ஆனால் குளிரில் விறைத்தால் பாம்பும் அசையாதே என்று யோசிப்பீர்கள். பிறகு தடியால் தட்டிப் பார்ப்பீர்கள்.

கயிறும் பாம்பும் எங்களுக்குப் புதிதில்லை. வேதாந்தம் படித்த எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். அங்கே அது உலகத் தோற்றத்தின் மயக்கத்தைச் சொல்ல வருகிறது. கார்னியாடிஸிடம் அது தடிக்காக வருகிறது. முழு நிச்சயம் கிடைக்காது. ஆனாலும் நம்பத்தகுந்தது, மற்றத் தகவல்களோடு முரண்படாதது, தட்டிப் பார்த்துச் சோதித்தது என்று படிப்படியாகப் போகலாம். விசயம் எவ்வளவு பெரிசோ, அவ்வளவு சோதிக்கவேணும். அம்மம்மா கேட்ட வெட்டுக்காயக் கேள்வி அந்தத் தடிதான். மூன்று வருடம் மெய்யியல் படிக்கப்போகிற எங்களிடம் இருந்தது தடி இல்லை, சத்தம்தான்.

இன்னொன்றையும் அன்றைக்குக் கவனித்தோம். ஐயவாதிகள் பேசும்போது பாவிக்கிற சொற்களுக்கென்றே செக்ஸ்டஸ் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். 'ஒருவேளை', 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' போன்றவை. தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட விடக்கூடாது என்ற கவனம். எங்கட வீடுகளில் அந்தக் கவனம் வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. 'வந்தான்' என்றால் நான் சொல்கிறேன். 'வந்தானாம்' என்றால் ஆரோ சொன்னது, எனக்குப் பொறுப்பில்லை. 'வந்திருப்பான்' என்றால் நினைக்கிறேன், காணவில்லை. தோழி அன்றிரவு "செய்தவவாம்" என்றும் "இருப்பான்" என்றும்தான் சொன்னாள். அம்மம்மா சொன்ன அளவுக்கு மேல் ஒரு எழுத்தும் கூட்டவில்லை. ஐயவாதிக்குரிய பேச்சு முழுக்க அந்தக் கட்டிலில்தான் இருந்தது. நோட்ஸ் எங்களிடம் இருந்தது.

எங்களுக்குள் இன்னும் ஒரு வாதம் முடியவில்லை. செக்ஸ்டஸ் மூன்றாவது கூட்டத்துக்குக் கொடுத்த வாக்கு, தேடுகிறவருக்கு நிம்மதி வரும் என்பது, பொய்த்துப்போனது என்று எங்களில் ஒருத்தி சொல்கிறாள். இன்னொருத்தி, அம்மம்மா இடிந்துபோகாமல் அடுத்த கூட்டத்துக்கும் ஃபைலோடு போவதற்குப் பெயர் என்ன என்று கேட்கிறாள். மூன்றாவது ஆள், அதை நாங்கள் நிம்மதி என்று பெயர் வைத்துவிட்டு வசதியாக இருக்கக்கூடாது என்கிறாள். கண்டுபிடித்துவிட்டோம், முடிந்தது, இனிப் போங்கோ என்று சொல்கிற ஆக்களும் உண்டு. இதெல்லாம் இனிக் கண்டுபிடிக்க ஏலாது, விடுங்கோ என்று சொல்கிற ஆக்களும் உண்டு. "ஆருக்குத் தெரியும்" என்று தோளைக் குலுக்குவது ஐயவாதம் மாதிரித் தெரியும், ஆனால் அது இரண்டாவது கூட்டம். இதில் மட்டும் நாங்கள் மூன்று பேரும் ஒரே பக்கம்.

போன கிழமை தோழி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். அம்மம்மா எங்களிடம் என்ன படிக்கிறியள் என்று கேட்டா. கிரேக்க மெய்யியல் என்றோம்.

"அதில என்ன சொல்லுது?"

"அவசரப்பட்டு முடிவெடுக்காமல் தேடிக்கொண்டிருக்கச் சொல்லுது, அம்மம்மா."

"அதுக்குக் கம்பசுக்குப் போகோணுமோ பிள்ளையள்?"

எல்லாரும் சிரித்தோம், தோழியும்தான். பிறகு சாப்பிட்டியளோ என்று கேட்டா. ஓம் என்றோம்.

"என்ன கறி?"

ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாங்கள் அப்போது சாப்பிட்டிருக்கவில்லை.